டன் அண்ணனின் நூற்றறுபது

லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் டன். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அண்ணனையும் சேர்த்து டன் அண்ணன் என்பார்கள். எடைமேடையின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து வண்டிகளுக்கு எடைச்சீட்டு அடித்துக் கொடுப்பது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர் தொழிலால் வந்தது என்று அவர் நம்பினார். நம்பிவிட்டுப் போகட்டும், நாம் கெடுப்பானேன்.

எடை விஷயத்தில் அவரைப் போலக் கறாரான ஆளைப் பார்ப்பது கஷ்டம். வண்டி மேடையில் ஏறியதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டிரைவர் இறங்கியாச்சா?" என்பார். காலி வண்டிக்கு இறங்கி நின்றுவிட்டு, லோடு வண்டிக்கு மட்டும் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் பதுங்கிக்கொள்கிற சாமர்த்தியமெல்லாம் அவரிடம் பலிக்காது. அது பழைய மேடை, இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். நடுவில் எது வந்தாலும் கிட்டத்தில் இருக்கிற எண்ணுக்குத் தள்ளிவிடும். இந்தச் சூட்சுமம் தெரிந்த சில டிரைவர்கள் மேடை ஏறுவதற்கு முன்னால் வண்டியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரைக் கீழே கொட்டி ஒரு படி, அதாவது இருபது கிலோ, குறைத்துக்கொள்வார்கள். கண்டுபிடித்தாரோ, தொலைந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "மொத்தத்தையும் இறக்கிட்டு வா, முதல்ல இருந்து போடுவோம்" என்பார். கெஞ்சினாலும் நடக்காது, முறைத்தாலும் நடக்காது.

இந்தக் கறார் மனிதர் தினமும் காலையில் வந்ததும் செய்கிற முதல் வேலை, மேடையின் நடுவில் போய்த் தனியாக நின்று கண்ணாடிக்குள் எரியும் சிவப்பு எண்ணைப் பார்ப்பது. 160. நேற்றும் 160. நாலு வருஷமாக 160. "ஒரு கிராம் ஏறல" என்று சாயங்காலம் மனைவியிடம் பெருமையாகச் சொல்வார். வீட்டில் இருந்த சின்ன எடை மெஷின் நூற்றைம்பதைத் தாண்டினால் எண்ணைக் காட்டாமல் ஒரு கோட்டை மட்டும் காட்டும். மெஷின் கெட்டுப்போச்சு என்று அவரே அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

மேடை போக அவரிடம் இன்னொரு சாட்சியும் இருந்தது. மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுத் தைக்கிறாள். அவருடைய சட்டைகள் எல்லாம் அவள் கையால் தைத்தவை. இந்த நாலு வருஷத்தில் ஒரு சட்டைகூட அவருக்கு இறுக்கவில்லை. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

வினை தூக்கத்தில் வந்தது. பட்டப்பகலில், மேடையில் இருபத்தெட்டு டன் ஜல்லி நிற்க, சீட்டு அடிக்கப் போன விரல் பொத்தான் மேலேயே நிற்க, டன் அண்ணன் தூங்கிப்போனார். டிரைவர் ஹாரன் அடித்தும் எழவில்லை, கண்ணாடியைத் தட்டியும் எழவில்லை. உள்ளே வந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் ஒரு பெரிய மூச்சோடு கண்ணைத் திறந்தார். அந்த டிரைவர் சும்மா இருக்காமல் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டான்.

"அக்கா, அண்ணன் மூச்சே விடலக்கா. நான் இருபது வரைக்கும் எண்ணிட்டேன்."

அக்காவுக்கு அது புதுச் செய்தி இல்லை. அவள் இரண்டு வருஷமாகப் பக்கத்தில் படுத்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவள் கணக்கு சில நாள் முப்பது வரைக்கும் போயிருக்கிறது. இதுவரை எத்தனை சொல்லியும் அவர் கேட்கவில்லை. இப்போது வெளியாள் சாட்சி கிடைத்துவிட்டது. அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, சர்க்கரை வேறு இருக்கிறது, எடை குறைந்தால்தான் இரண்டும் அடங்கும் என்று அங்கே சொல்லி, எடை குறைக்க ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள்.

அந்த அறை வாசலிலேயே முதல் தகராறு. நர்ஸ் அங்கிருந்த பெரிய எடை மெஷினைக் காட்டி, "இதுல ஏறுங்க சார்" என்றாள். அவர் ஏறவில்லை. சுற்றி வந்து பார்த்தார்.

"முத்திரை எங்கம்மா?"

"என்ன முத்திரை?"

"எடையைச் சோதிச்சு வருஷா வருஷம் குத்துற முத்திரை. இதோ இருக்கு. போன வருஷத்தோடது, காலாவதி. இதுல நான் எப்படி ஏறுறது?" சட்டைப் பையிலிருந்து காலையில் அடித்த சீட்டை எடுத்து நீட்டினார். "இது போன மாசம் முத்திரை குத்தின மேடை. எழுதிக்குங்க."

வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். நர்ஸ் 160 என்று எழுதிக்கொண்டாள்.

டாக்டரம்மா ஒல்லியான ஆள், பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது. "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இரைப்பையில முக்கால்வாசியை வெட்டி எடுத்துடறது. எடுத்தா எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது. நெஞ்செரிச்சல் இருக்கறவங்களுக்கு அது கூடவும் செய்யலாம். உங்களுக்கு ஏற்கெனவே இருக்கு. அதனால நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். பைபாஸ்."

டன் அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே பைபாஸ் ரோடு போட்டார்கள். அதோடு லாரிகளில் பாதி அந்தப் பக்கம் போய்விட்டன. அன்றிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு ஆகாது.

"அந்தப் பைபாஸ் என் வயித்துல அடிச்சது" என்றார். "இப்ப இந்தப் பைபாஸ் நிஜமாவே வயித்துல கத்தி வைக்கும்போல."

"டாக்டர் ரோடு போடறேன்னு சொல்லலைங்க" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. டாக்டரம்மா, பைபாஸ் போட்டா பழைய இரைப்பை என்ன ஆகும்?"

"அது உள்ளேயேதான் இருக்கும். மேல ஒரு சின்னப் பையை மட்டும் பிரிச்சு, அதுல இருந்து சாப்பாடு நேராக் குடலுக்குப் போற மாதிரி வழியை மாத்தி விடுவோம். பழைய இரைப்பை பக்கம் சாப்பாடு போகாது."

"அதாவது, வேலை இல்லாம சும்மா உட்கார்ந்திருக்கும்."

"அப்படியும் சொல்லலாம்."

"அந்த இரைப்பையை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் டன் அண்ணன்.

உயிருக்கு என்ன ஆபத்து என்று கேட்டார். ஆயிரம் பேரில் ஒருவருக்கு, மிஞ்சினால் இரண்டு பேருக்கு என்றார் டாக்டரம்மா. ஒன்றும் செய்யாமல் இப்படியே இருப்பதில் அதைவிட ஆபத்து, ஆனால் அது எவ்வளவு என்று அவருக்கென்று தனியாக எண் சொல்ல முடியாது என்றார். எண் இல்லாத எடையைத் தன்னால் எழுத முடியாது என்று இவர் சொன்னார்.

"நாலு வருஷமா எடை ஏறவே இல்லைங்கறீங்க" என்று டாக்டரம்மா அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது உண்மைன்னா அவ்வளவு அவசரமில்ல. ராத்திரி தூங்கறப்போ மூச்சு மெஷின் வெச்சு, சாப்பாட்டைக் குறைச்சுக் கொஞ்ச நாள் பாக்கலாம். ஏறிக்கிட்டே இருந்தா மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மூணு வாரம் யோசிச்சுட்டு வாங்க."

அவர் யோசித்த லட்சணத்தைக் கேளுங்கள். ஒரு எடைச்சீட்டின் பின்பக்கம் லோடு, காலி என்று இரண்டு பத்தி பிரித்தார். லோடு பக்கம் ஆபரேஷன் பயங்களை ஏற்றினார். மயக்கம் கொடுத்து எழாமல் போவது. உள்ளே தையல் விட்டுக் கசிவது. ஆயுசுக்கும் சத்து மாத்திரை. முடி கொட்டுவது. இனிப்புச் சாப்பிட்டால் படபடவென்று வருவது. கடைசியாகச் சின்ன எழுத்தில், இளைத்துவிட்டால் டன் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது. காலி பக்கம், ஆபரேஷன் வேண்டாமென்றால் வரும் கெடுதலுக்கு, ஒரே ஒரு வார்த்தை: தூக்கம். எந்தப் பக்கம் கனம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

மனைவி சாக்குக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு அந்தச் சீட்டை வாங்கிப் படித்தாள். "எல்லாம் உங்க பயமாவே இருக்கே. என் பயத்தை எதுல ஏத்தறது?"

"உனக்கென்ன பயம்? கத்தி எனக்குத்தானே."

"பயந்தாங்கொள்ளி. ஆயிரத்துல தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது பேர் எழுந்து வீட்டுக்குப் போறாங்க. நீங்க ஏன் அந்த ஒருத்தரையே கட்டிக்கிட்டு அழறீங்க?"

மூன்று வாரமும் தினம் இதே பாட்டுதான். அவளுடைய தைரியத்தைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது. கொண்டவன் உயிர் இவளுக்கு அவ்வளவு மட்டமாகப் போய்விட்டதா என்று ஒரு நாள் கேட்டும்விட்டார். அவள் வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்து நூல் கோர்க்கப் போய்விட்டாள்.

நாள் வந்தது. சட்டைப் பையில் புதுச் சீட்டோடு போனார். அதே 160. மூச்சு மெஷினே போதும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவதாகத் திட்டம். ஆனால் நர்ஸ் அவரை மறந்திருக்கவில்லை.

"சார், பாருங்க. நேத்துதான் வந்து புது முத்திரை குத்திட்டுப் போனாங்க."

குனிந்து பார்த்தார். முத்திரை பளபளவென்று இருந்தது. தப்பிக்க வழியில்லை, ஏறினார். எண் கொஞ்சம் தடுமாறிவிட்டு நின்றது. 169.4.

டாக்டரம்மா கோப்பைப் புரட்டினார். பழைய டாக்டர் எழுதிய, போன தடவை கண்ணில் படாத தாள் ஒன்று அடியில் இருந்தது. "நாலு வருஷத்துக்கு முன்னாடி நூத்தி ஐம்பத்தொண்ணு. பதினெட்டு கிலோ ஏறியிருக்கு. நீங்க நூத்தி அறுபதிலேயே நிக்குதுன்னு சொன்னீங்களே?"

அந்த அறையில் முதலில் விளங்கிக்கொண்டவர் அவர்தான். நூற்று ஐம்பத்தொன்று என்றாலும் மேடை 160 என்றுதான் காட்டும், நூற்று அறுபத்தொன்பது என்றாலும் 160 என்றுதான் காட்டும். இரண்டு வாளித் தண்ணீர் கொட்டுகிற டிரைவர்களை வாழ்நாள் முழுக்கப் பிடித்த மனிதர், தினமும் காலையில் முதல் வண்டியாகத் தன்னையே தப்பவிட்டிருக்கிறார். அவமானத்தில் காது சுட்டது. அப்போதும் இரண்டாவது சாட்சியை விட மனம் வரவில்லை.

"சட்டைக்கு என்ன சொல்றீங்க டாக்டரம்மா? இது அஞ்சு வருஷத்துச் சட்டை. பதினெட்டு கிலோ ஏறியிருந்தா பட்டன் தெறிச்சிருக்காதா?"

மனைவி தரையைப் பார்த்தாள். "கையைத் தூக்குங்க" என்றாள்.

தூக்கினார். அக்குளில் தொடங்கி அடிவரைக்கும் அதே துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அதை ஒட்டி இன்னொன்று. அதை ஒட்டி மூன்றாவது. அந்தப் பக்கமும் அப்படியே.

"எப்ப வெச்சே?"

"வேணுங்கறப்பெல்லாம் வெச்சேன். எல்லாச் சட்டையிலயும்."

"ஏன் சொல்லல?"

"ஒரு கிராம் ஏறலன்னு சந்தோஷமா வருவீங்க. அந்த நேரத்துல சட்டை இறுக்கினா உங்க மூஞ்சி வாடிடும். எனக்கு அதைப் பார்க்க முடியல. தப்புதான்."

அவர் பட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். இத்தனை வருஷம் தையல்காரியோடு குடும்பம் நடத்தியவருக்கு அது தெரியாமலா போகும். "இது மெஷின் தையல் இல்லையே. கையால ஓட்டியிருக்கே."

"மெஷின் ஓட்டினா பிரிக்கறப்போ துணி கெட்டுடும்."

"பிரிக்கறப்போவா?"

"என்னைக்காவது நீங்க இளைக்கத்தானே போறீங்க."

நாலு வருஷம் மேடையை நம்பியவர் அவர், நாலு வருஷம் அவரை நம்பியவள் அவள். பையிலிருந்த சீட்டை எடுத்துக் குறுக்கே கிழித்து டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தார். "முதல்ல இருந்து போடுவோம். எந்தப் பைபாஸோ, அதையே பண்ணுங்க. ஃபாரத்தைக் குடுங்க."

ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். கீழே இன்னொரு கோடு இருந்தது. அது நெருங்கிய உறவினருக்கு. பேனாவை மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கினாள். தாளைப் பார்த்தாள்.

"அடுத்த மாசம் வெச்சுக்கலாமே" என்றாள்.

"என்னது?"

"மூச்சு மெஷினைக் கொஞ்ச நாள் வெச்சுப் பாக்கலாங்க. டாக்டரே அன்னைக்குச் சொன்னாங்கல்ல."

"அது எடை ஏறலன்னா. ஏறிக்கிட்டே இருக்கே, தள்ளிப்போடக் கூடாது. நீதானே சொன்னே, ஆயிரத்துல தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது பேர் எழுந்து வீட்டுக்குப் போறாங்கன்னு?"

"அது ஊர்ல இருக்கற ஆயிரம் பேருக்குச் சொன்னது. எனக்கு ஆயிரமா இருக்கு? ஒண்ணே ஒண்ணுதானே." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துகொண்டிருந்த வரைக்கும் கத்திக்கு அவள் பயப்பட வேண்டியிருக்கவில்லை. அவர் இறக்கி வைத்த மறு நிமிஷம் மொத்த லோடும் அவள் தலையில் ஏறிவிட்டது.

அவருக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. அவருக்குத் தெரிந்தது எடை ஒன்றுதான். பேனா பிடித்திருந்த அவள் கையைத் தொட்டு, "இந்தா, ஆயிரத்துல ஒண்ணெல்லாம் என் மேடையில காட்டவே காட்டாது" என்றார்.

"உங்க மேடை லட்சணம்தான் இப்பத் தெரிஞ்சுபோச்சே" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். கண்ணீரில் கோடு தெரியாமல் எழுத்து கோட்டை விட்டு இரண்டு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. கறாரான மனிதர்தான். அதை மட்டும் அவர் கண்டுகொள்ளவில்லை.