வாசிக்காத பெயர்

வினிஃப்ரெட் சிறைக் கம்பிகளுக்குள் கையை விட்டுத் தம்பியின் சட்டைக் கழுத்து நாடாவை முடிந்துகொண்டிருந்தாள். தூக்குமேடைக்கு அழுக்குச் சட்டையோடு அவனை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அவன் கழற்றிய பழைய சட்டை அவள் கக்கத்தில் இருந்தது, உடம்புச் சூட்டோடு.

மூன்று மாதத்துக்கு முன் துறைமுக நகரத்தில் கோமகனின் நெஞ்சில் கத்தியை இறக்கியவன் இந்த ஆம்ப்ரோஸ். அரசர் அந்தக் கோமகன் சொல்லைத் தட்டியதே இல்லை. கோமகன் நடத்திய தீவுப் போரில் இவன் படையில் பாதிப் பேர் சேற்றில் கிடந்து செத்தார்கள். இப்போது லண்டன் முழுக்க இவன் பெயரைச் சொல்லி வாழ்த்திக் குடித்தது. வரும் வழியில் மதுக்கடை மார்ஜரி அவளை நிறுத்தி, "உன் தம்பி பேர்ல நேத்து ரெண்டு பீப்பா காலி. ராசா ஒருத்தர்தான் இன்னும் குடிக்கல," என்று சிரித்தவள், சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் துறைமுகத்துக்குக் கெளம்புன ஞாயித்துக்கெழம கோயில்ல என் பேர வாசிச்சாங்கதானே?"

மனம் கலங்கியவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பாதிரியார் அதை வாசிப்பார். சபையே முழங்காலிட்டு ஜெபிக்கும். போரிலிருந்து திரும்பித் தூக்கமில்லாமல் அலைந்தவன், சீட்டை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனான். அந்த வாரம் மகள் ஆட்ரியைப் பெண் கேட்டுக் கையுறை வியாபாரி வீட்டார் வந்திருந்தார்கள். பெண்ணின் மாமன் பித்துப் பிடித்தவன் என்று தெரிய வேண்டாமே என்று சீட்டை அடுப்பில் போட்டாள். கல்யாணமும் நடந்தது. இன்று சம்பந்தி வீட்டார் அந்த மாமனைச் சொல்லித்தான் பெருமையடிக்கிறார்கள்.

"வாசிச்சாங்கடா," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். "திங்கக்கெழம வரைக்கும் பொறுத்துப் பாத்தேன்க்கா. சபையே ஜெபம் பண்ணியும் அந்தாளக் கொல்லணுங்கற மனசு மாறல. அப்ப இது தேவ சித்தம்னு நெனச்சுத்தான் கத்தி வாங்கினேன். தப்புன்னு இப்பத் தெரியுது."

அவள் வாயைத் திறப்பதற்குள் காவலாளி வந்து நேரமாகிவிட்டது என்றான். வெளியே வண்டி நின்றது.

அவள் வண்டியின் பின்னால் போகவில்லை. கோயிலுக்கு ஓடினாள். காலை ஜெபம் தொடங்க இருந்தது. தம்பி பெயரை வாசிக்க வேண்டும் என்று அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பாதிரியார் குரலைத் தாழ்த்தினார்.

"செத்தவங்களுக்கு நம்ம சபையில ஜெபம் கெடையாதும்மா."

"வண்டி இன்னும் பாதி வழிகூடப் போயிருக்காது ஐயா. உயிரோடதான் இருக்கான்."

அவர் மணற்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நோயாளின்னு சொல்றேன். பேர் வேணாம். உனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல."

"பேரச் சொல்லுங்க. மனசு கலங்கினவன்னும் சொல்லுங்க."

வாசித்தார். முன்வரிசையிலிருந்து சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தாள். பிறகு எல்லோரோடும் சேர்ந்து அவளும் முழங்காலிட்டாள்.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். வினிஃப்ரெட் பழைய சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அது அவனுடையதா, தன் கையின் சூடா என்று தெரியவில்லை. அவள் கையை எடுக்கவில்லை.