மூன்றாவது சுற்று

ஆறு மணிக்கு எழுந்தேன். ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காபி போட்டுக் குடித்தேன். சவரம் செய்துகொண்டேன். காக்களூர் தாண்டியிருந்த கிளைடர் கிளப் மைதானத்துக்கு, எஞ்சின் இல்லாத விமானம் ஓட்டப் பழகும் இடத்துக்கு, சைக்கிளில் போனேன்.

செங்கல் சூளைப் புகையும் பனியும் கலந்து வானம் வெளுத்திருந்தது. அதனால் அன்று குட்டிச் சுற்றுகள்தான். பயிற்சியாளர் முனிகிருஷ்ணன் பின் சீட்டில் ஏறினார். இரண்டு சீட்டுக்கும் கிளைடரைத் திருப்பும் ஸ்டிக் உண்டு. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும்.

"மூணு ரவுண்டு தம்பி. நான் ஸ்டிக்கத் தொடலன்னா நாளைக்கு நீ தனியா போலாம். தொட்டேன்னா மறுபடி மொதல்லேருந்துதான்."

என் மனைவி ரத்னா இறந்த பிறகு நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். வீட்டில் உட்கார முடியவில்லை.

இரண்டு சுற்று சரியாக முடிந்தது. மூன்றாவதில், கிளைடரைத் தரையிலிருந்து மேலே இழுத்துவிட்ட கம்பியைக் கழற்றியதும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். புகை விலகி, திருவள்ளூர் ஆஸ்பத்திரியின் ஓட்டுக்கூரை தெரிந்தது. நேராகவே போனேன். மைதானம் பின்னால் மறைந்துவிட்டது.

"திரும்புய்யா! இன்னா, மெட்ராஸுக்கே போறியா?"

காதில் விழுந்தது. கை அசையவில்லை. பிடித்திருந்த ஸ்டிக் தானாக இடப்பக்கம் சாய்ந்தது. அவர் தொட்டுவிட்டார்.

இறங்கியதும் கேட்டார். "அங்க இன்னாத்தப் பாத்துக்கினு இருந்த?"

"ஆஸ்பத்திரி சார்."

"யார்னா கீறாங்களா?"

"இப்ப இல்ல."

அடுத்த ஆளுக்காக இருவரும் கிளைடரைத் தள்ளினோம்.

அந்த ஆஸ்பத்திரியில் ரத்னா என்னைச் சாப்பிட அனுப்பினாள். நான் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. அனுப்பும்போது அவள் சொன்னது:

"போய் நாஷ்டா துன்னுட்டு வாங்க. நான் எங்க பூடப் போறேன்?"