கனகசபாபதிக்கு அளவெடுத்த கட்டிடம்

ஆள் இருக்கிறார் என்று எழுதிக் கொடுக்கும் இருப்புச் சான்றிதழ் அலுவலகத்தைக் கனகசபாபதி என்ற ஒரே ஆளுக்கு அளவெடுத்துத்தான் கட்டியிருந்தார்கள். பெஞ்சின் உயரம், விளக்கின் வெளிச்சம், எண்ணைக் கூப்பிடும் குரல், எல்லாம் அவருக்குப் பொருந்தின. அவருக்குப் பொருந்தினால் ஊருக்கே பொருந்தும் என்பது விதி. செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிறவர்கள் போட்ட விதி.

மரியபுஷ்பத்துக்குப் பொருந்தவில்லை. அங்கிருந்த நாற்பது டியூப்லைட்டும் அவள் மண்டைக்குள் மாவு மில்லாக இரைந்தன. எண்ணை ஒருமுறைதான் கூப்பிடுவார்கள். இரைச்சல் அதை விழுங்கிவிடும். திங்கட்கிழமை தவறவிட்டாள், நிழல் போனது. செவ்வாய்க்கிழமை சுண்டுவிரல் போனது. இன்றும் தவறினால் அவளே போய்விடுவாள். பயமாக இருந்தது.

"சார், லைட்டு இரையுது. நம்பர் காதுல விழ மாட்டேங்குது," என்றாள் மேசைக்காரரிடம்.

"என்னது?"

அவள் கத்தினாள். அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"கனகசபாபதி சாருக்குக் கேக்கலையே. அப்ப அது சத்தமே இல்லம்மா. வேணும்னா அவருகிட்டயே சொல்லிப் பாருங்க. வராண்டா கடைசி. காதைப் பொத்தாதீங்க, பொத்துனா வராண்டா நீளும்."

பொத்தினாள். நீண்டது. கையை எடுத்தால் அழுகை வந்தது. இருபதடி தூரத்துக்கு மூன்று மணி நேரம் ஆனது.

கனகசபாபதி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக அதுதான் வேலை.

"ஐயா, லைட்டு இரையுதுங்கய்யா."

"என்னம்மா?"

மறுபடியும் கத்தினாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தார். முகம் சுருங்கியது.

"உங்களுக்குமா? வேலைல சேந்த அன்னைக்கே வெச்சேம்மா. எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு பஞ்சை அவளிடம் கொடுத்தார். ஆளுக்கு ஒரு காதை அடைத்துக்கொண்டு மேசைக்கு நடந்தார்கள். வராண்டா இருபதடிதான் இருந்தது.

"எனக்கும் இரையுதுய்யா," என்றார் கனகசபாபதி.

"என்னது?" என்ற மேசைக்காரர், சற்று யோசித்து, தன் காதுப் பஞ்சை எடுத்தார். வரிசையில் நின்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மேசைக்காரர் எழுந்து விளக்குகளை அணைத்தார். ஜன்னல் வெளிச்சம் போதுமாக இருந்தது.

"எழுபத்தொன்று."

அவள் எண். எவ்வளவு மெல்லிய குரல்!

மேசைக்காரர் இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். கனகசபாபதியை அளந்த அதே நாடா.

"ரெண்டு கையையும் காட்டுங்கம்மா."

காட்டினாள். அவர் நிதானமாக அளந்து, எண்ணி, விரல் ஒன்பது என்று எழுதினார். பேனா காகிதத்தில் உரசுவது அவளுக்குக் கேட்டது.