குஸைக்கு ஒரு கல்

எங்கள் அகதி முகாமின் வாசலில் நாங்கள் ஒரு சுவர் கட்டியிருந்தோம். செத்தவர்களின் பெயரையும், அவரவர் பாட்டன் துரத்தப்பட்ட ஊரின் பெயரையும் ஆளுக்கொரு கல்லில் வெட்டிப் பதித்திருந்தோம். மற்றவர்களுக்கு அது நினைவுச் சின்னம். என் உம்மாவுக்கு அதுதான் மகனின் கபர், கல்லறை. தம்பி குஸையைச் சுட்ட ராணுவம் உடலைத் தரவில்லை. எந்தக் குளிர்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்களோ, படைத்தவனுக்குத்தான் வெளிச்சம்.

பக்கத்துக் கல் அவன் கூட்டாளி வஜ்தியுடையது. இருவரும் ஒரே சந்தில் சுடப்பட்டு விழுந்தார்கள்; வஜ்தியின் உடல் மட்டும் கிடைத்தது. “உன் மகன் கூப்பிட்டுத்தானே என் மகன் வெளிய போனான்?” என்று துக்க வீட்டிலேயே உம்மா கேட்டுவிட்டாள். வஜ்தியின் தாய் அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

ஒரு நாள் மாலைத் தொழுகை முடிந்ததும் ராணுவத்தின் புல்டோசர் வந்தது. தெருவை உரித்துக்கொண்டு நேராகச் சுவருக்கு.

“அடியே அஸீல், உன் தம்பிய இடிக்க வர்றானுங்கடி!” உம்மா செருப்பில்லாமல் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

ஒரே மோதலில் சுவர் குப்புற விழுந்தது. கண்ணீர்ப்புகை கண்ணை அறுத்தது. உம்மா கல்லெடுத்து வீசினாள். ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவள் வாயில் இடித்தான். பல் தெறித்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினாள்: “என்னைய விடுடி! அவனத் தூக்குடி!”

இடிபாட்டுக்குள் பாய்ந்து, குஸையின் கல் இருந்த இடத்தில் கையை விட்டு இழுத்தேன். புல்டோசரின் தகடு மறுபடி இறங்கியது. இடது கையில் இரண்டு விரல் அங்கேயே போயின. கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். பின்னாலிருந்து சுட்டார்கள். முன்னால் ஓடிய ரொட்டிக்கடை அபூ ராமிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவரைத் தாண்டித்தான் ஓடினேன். நிற்கத் தோன்றவில்லை.

வீட்டில் உம்மா தலைத்துணியால் கல்லைத் துடைத்தாள். வஜ்தி.

குப்புறக் கிடந்த கற்களில் யார் யாரென்று அந்தப் புகையில் எவனுக்குத் தெரியும்?

“குருடி! அவனுக்குக் கபர் இருக்குடி! என் பிள்ளைக்கு என்னடி இருக்கு?” உம்மா என்னை அறைந்தாள். என் கையில் சுற்றிய துணி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. வந்த ஆத்திரத்துக்குக் கல்லைத் தெருவில் வீசியிருப்பேன்.

அதற்குள் வஜ்தியின் தாய் உள்ளே வந்துவிட்டாள். நான் அவள் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடியதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். என் கையைப் பார்த்தாள். உம்மாவின் வாயைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, தன் மகன் பெயர் தரையைப் பார்க்கும்படி கல்லைப் புரட்டிப் போட்டாள்.

“ஆணியும் சுத்தியலும் எடுத்துட்டு வா, அஸீல்.”

எடுத்து வந்தேன். சுத்தியலை வாங்கி உம்மாவிடம் நீட்டினாள்.

“நான் என் பிள்ளைய மண்ணுல வச்சிட்டேன். இதுல உன் பிள்ளைய எழுது. அடி!”

ஆணியை அவள் பிடித்துக்கொண்டாள். உம்மா சுத்தியலை ஓங்கினாள். முதல் அடி வஜ்தியின் தாயின் விரலில்தான் விழுந்தது. அவள் ஆணியை விடவில்லை.