மூன்று பங்கு உயரம்

ஷபீனா பிளேடைக் கீழே வைத்துவிட்டு, வெட்டியெடுத்த துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒரு மலையின் உச்சி அது. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஃபேன் காற்றுக்குப் பறந்துவிடும் போலிருந்ததால் இன்னொரு கையால் மூடிக்கொண்டாள். அதற்கு அடியில் வர வேண்டிய அடுக்குகளெல்லாம் மேசைமேல் கிடந்தன. வரைபடத்தின் ஒவ்வொரு உயரக்கோட்டுக்கும் ஒரு அடுக்கு. கீழே போகப்போக அகலமாக, பிய்த்துப் போட்ட ரொட்டிகள் மாதிரி. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, படிபடியாகத் தெரியும் விளிம்புகளில் பட்டி பூசித் தேய்த்தால் மலை வந்துவிடும்.

முடிச்சூரில் குமரவேலின் பட்டறையில் மலை செய்வது அதுதான் முதல் தடவை. வழக்கமாக அங்கே செய்பவை அடுக்குமாடி வீடுகள். இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோல் காட்டும் சின்ன மாதிரிகள். வீடு விற்கிறவர்கள் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போடுவார்கள். ஸ்பாஞ்சைச் சாயத்தில் நனைத்துச் செய்த மரங்கள், நீலப் பிசின் ஊற்றிய நீச்சல்குளம், அரை விரல் உயரத்தில் நடந்துகொண்டேயிருக்கும் ஆண்கள், பெண்கள். பக்கத்து ஏரியை மட்டும் யாரும் வைக்கச் சொன்னதில்லை. "ஏரிய வெச்சா ஜனங்களுக்கு வெள்ளம் ஞாபகம் வந்துரும். நம்ம மாடல்ல மழையே பேயாதும்மா" என்பார் குமரவேல். பதினொன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு அங்கே சேர்ந்தவள் ஷபீனா. யாரோடும் அதிகம் பேசாமல் நாள் முழுக்க மரம் நடலாம் என்பதே அந்த வேலையில் அவளுக்குப் பிடித்தது.

மலைக்கான ஆர்டர் நீலகிரியிலிருந்து வந்தது. காட்டைப் பற்றிப் பார்வையாளர்களுக்குச் சொல்ல அங்கே ஒரு கண்காட்சிக்கூடம் திறக்கிறார்களாம். நடு அறையில் தேசியப் பூங்கா முழுவதும், அதன் சிகரங்களும் தொடர்களும் பள்ளத்தாக்குகளுமாக, ஒரே பலகையில் இருக்க வேண்டும். குமரவேல் வரைபடத்தை மேசைமேல் விரித்து நாலு மூலைக்கும் பெயின்ட் டப்பாவை வைத்தார். ஷபீனா தலைப்பைப் படித்தாள். முக்குறுத்தி.

அந்தப் பெயரை அவள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அண்ணன் அசார் போய்த் திரும்பாத மலை அது. மலைக்குப் போன இடத்தில் அண்ணன் இறந்துபோனான் என்பதுவரை குமரவேலுக்குத் தெரியும். எந்த மலை என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. கட்டருக்குப் புது பிளேடு மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.

அசாரும் வினோத்குமாரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். வினோத்தின் அம்மா ஜோதிலட்சுமி கோவளம் பக்கத்துக் கடற்கரைக்காரி. விடியலில் மீன் ஏலம் எடுத்துவந்து அசார் வீட்டுத் தெருவில்தான் கூடை இறக்குவாள். அனுமதி வாங்கிப் போன ஒரு குழுவோடு இருவரும் அந்த மலைக்குப் போனார்கள். படம் எடுக்கிறேன் என்று அசார் பின்தங்க, வினோத்தும் அவனோடு நின்றுவிட்டான். மேற்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. அசார் வழுக்கி விழுந்ததில் முழங்கால் திரும்பிக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை. ஆள் கூட்டிவருகிறேன் என்று வினோத் இறங்கினான். மூட்டத்தில் வழி தப்பி, வேறொரு மேட்டில் அலைந்து, அவன் வனக்காவலர் குடிலைக் கண்டுபிடித்தபோது இருட்டிவிட்டது. மழை வேறு பிடித்துக்கொண்டது. விடிந்து காவலர்கள் ஏறிப் போய்ப் பார்த்தபோது அசார் உட்கார்ந்தபடியே விறைத்திருந்தான்.

துக்கத்துக்கு வந்த வினோத் வாசலிலேயே நின்றான். அம்மா மெஹர் பானு அவனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"திருநீர்மலைல கெழவிங்ககூட ஏறி எறங்குதுங்க. ஒரு ஆளத் தூக்கினு எறங்க உனக்கு முடியலையாடா? ஒண்டியா வுட்டுட்டு வந்தியே."

அவன் படியேறாமலே திரும்பிப் போனான். மொட்டைமாடியிலிருந்து தெரியும் திருநீர்மலைதான் அம்மா கண்ணால் கண்ட ஒரே மலை. அதற்குப் பிறகு அவள் ஜோதிலட்சுமியிடம் மீன் வாங்குவதை விட்டாள். தாம்பரம் மார்க்கெட்வரை பஸ்ஸில் போய் வாங்கி வந்தாள். கூடையைக் கடக்கும்போது புர்காவின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்து நடப்பாள். சாயங்காலம் ஐஸ் பெட்டியோடு வரும் வினோத், மெஹர் பானு தெருவில் தென்பட்டால் வண்டியை அணைத்துவிட்டு முனையிலேயே நிற்பான். ஐஸ் கரைந்து ஒழுகினாலும் அவள் வீட்டுக்குள் போகும்வரை நகரமாட்டான். இரண்டு வருஷம் தாண்டியும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

முதலில் ஷபீனா ஒரு சிறு பகுதியை மட்டும் சோதனைக்குச் செய்தாள். வரைபடத்தில் உள்ள நீள அகலத்துக்கு என்ன கணக்கோ, உயரத்துக்கும் அதே கணக்கு. அடுக்குகளை ஒட்டிமுடித்து நிமிர்ந்தவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. மலையே இல்லை. மேற்கே கேரளத்தைப் பார்த்த பக்கம் மட்டும் பலகை சட்டென்று விழுந்தது. கிழக்கே, போலீஸ் அறிக்கைப்படி அசார் விழுந்த பக்கம், தலையணைமேல் போர்த்திய துணிபோல மெல்லச் சரிந்தது. அவள் பழைய டப்பாவிலிருந்து ஒரு மனிதப் பொம்மையை எடுத்து அந்தச் சரிவில் நிறுத்தினாள். அடுக்குமாடி வாசலில் நிற்கச் செய்த பொம்மை. மலையில் பாதி உயரத்துக்கு நின்றது. ஒரே எட்டில் இறங்கிவிடும் போலிருந்தது.

'அம்மா சொன்னது சரிதான்' என்று நினைத்தாள். அதுவரை வினோத்தைப் பற்றி அவளுக்குத் தனியாக ஓர் எண்ணம் இருந்ததில்லை. அம்மாவின் கோபத்துக்குள் ஒதுங்கி நின்றிருந்தாள், அவ்வளவுதான். இப்போது அந்தக் கோபம் அவளுடையதாகவும் ஆயிற்று. பொம்மையைப் பிடுங்கி டப்பாவில் எறிந்தாள்.

குமரவேல் வந்து பார்த்துச் சிரித்தார். "இன்னாமா இது, ஊத்தப்பமா? நெஜ அளவுல வெச்சா எந்த மலையும் இப்படித்தான் படுத்துக்கும். மேலேந்து பாக்குறோம்ல? உயரத்த மட்டும் மூணு பங்கா ஏத்து. அப்பதான் பாக்குறவன் 'அடேங்கப்பா'ன்னுவான்."

"பொய் இல்லையாண்ணா?"

"தொழிலும்மா. எல்லா ஊர்லயும் இப்படித்தான் பண்றாங்க. கீழ ஒரு ஓரமா பொடி எழுத்துல எழுதிடுவோம்."

அந்தத் தந்திரத்தில் அவருக்குப் பெருமை உண்டு. டீ கொண்டுவருகிறவரிலிருந்து கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர்வரை எல்லாரையும் மேசைக்கு இழுத்துவந்து, "நெஜத்துல இதுல மூணுல ஒரு பங்குதான் சார்" என்று சொல்லிச் சிரிப்பார். ஷபீனா ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று அடுக்கு வெட்டினாள். தொடர்கள் எழுந்தன. முக்குறுத்தி கூராக நிமிர்ந்தது. தெற்கே கொல்லாரிபெட்டா அதைவிட உயரமாக, தோள் அகன்று நின்றது. சரிவுகளில் பசை தடவிப் புல்லுக்குப் பச்சைத் தூளைத் தூவினாள். மடிப்புகளில் சோலைக்காடு என்று கரும்பச்சை ஸ்பாஞ்சைப் பதித்தாள். கிழக்குச் சரிவும் இப்போது கூரை ஓடுபோலச் செங்குத்தாக இருந்தது.

அந்தத் தூள்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது. தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார்ந்தபோது அம்மா கேட்டாள்.

"இன்னாடி இது, வகிடெல்லாம் பச்சையா?"

"புல்லுமா. மலை ஒண்ணு செய்றோம்."

"எந்த மலை?"

ஷபீனா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவின் விரல்கள் அவள் தலையிலேயே நின்றுவிட்டன. பிறகு எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குக் காட்டு."

"அம்மா, வேணாம்…"

"மையவாடிக்குப் பொம்பளைங்க போறதில்ல. உங்க அத்தா போறாரு, ஓதுறாரு, வந்து கைகால் கழுவுறாரு. எம்புள்ளைய எங்க வெச்சிகீதுன்னு நான் இன்னும் பாக்கல. உக்காந்த எடத்தையாவது காட்டுடி."

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து தெரு அடங்கிய நேரத்தில் அம்மாவைப் பட்டறைக்குக் கூட்டிப்போனாள். போகும் வழியில்தான் குமரவேலுக்குப் போன் செய்து, அந்த மலைதான் என்று சொன்னாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் மேசையைச் சுற்றிப் பெருக்கி, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார். "வாங்கம்மா" என்றதோடு சரி, வழக்கமான சிரிப்பு இல்லை.

மெஹர் பானு உட்காரவில்லை. முகத்திரையை மேலே தூக்கிவிட்டு, மேசையைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். சிகரங்களைப் பார்த்தாள். குனிந்து, கண்ணைப் பலகையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, கீழிருந்து மேலே பார்த்தாள். வீட்டில் அரிசியில் கல் பார்க்கும்போது இருக்கிற அதே முகம்.

"அசாரு எங்கடி?"

ஷபீனா கிழக்குச் சரிவில், சோலை தொடங்கும் மடிப்புக்குச் சற்று மேலே காட்டினாள். அம்மா ஆள்காட்டி விரலை அங்கே வைத்தாள். விரல்நுனி அந்த இடத்தை முழுக்க மறைத்துவிட்டது. எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஓதுகிறாள் என்று உதட்டசைவில் தெரிந்தது.

"அந்தப் பையன் எங்க போயி ஆளக் கூப்ட்டான்?"

ஷபீனா குடில் இருந்த இடத்தைக் காட்டினாள். அம்மாவின் விரல் சரிவில் இறங்கியது, ஒரு மேட்டில் ஏறியது, இன்னொரு பள்ளத்தில் விழுந்தது. நடுவில் ஒரு தடவை வழுக்கிப் பின்வாங்கியது. குடிலை அடைந்ததும் மறுபடி குனிந்து, அங்கிருந்து உச்சியை அண்ணாந்து பார்த்தாள்.

"இவ்ளோ செங்குத்தாவா கீது?" என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு குமரவேல் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, நெசமாவே இப்படித்தானா?"

குமரவேல் வாயைத் திறந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் அவர் நாக்கிலேயே இருப்பது. ஷபீனாவுக்கு ஒரே கணத்தில் இரண்டும் கண்முன் வந்தன: மூலையில் பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில் கிடக்கும் தட்டையான சோதனைப் பலகை, இங்கே அம்மாவின் விரல்.

"நெசந்தாம்மா" என்றாள் முந்திக்கொண்டு. "அளந்துதான் வெச்சிருக்கோம்."

குமரவேல் அவளைப் பார்த்தார். பிறகு, "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டபடி வெளியே போய்விட்டார்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "இதுல எப்படித் தூக்கினு எறங்குவான்? ரெண்டு பேருமில்ல போயிருப்பாங்க" என்று தன் மடியைப் பார்த்துச் சொன்னாள். அழுகை வரவில்லை. மூச்சு மட்டும் நீளமாக, படியேறி வந்தவளைப் போல வந்துகொண்டிருந்தது. ஷபீனா பக்கத்தில் நின்றாள். அம்மா இறக்கி வைத்தது எடையோடு தன் கைக்கு மாறிவிட்டது போலிருந்தது. அந்தச் சரிவு எவ்வளவு தாழ்வு என்று அந்த வீட்டில் இனி அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

திரும்பும்போது அம்மா எதிர்ச்சுவரைப் பார்த்து நடக்கவில்லை. ஜோதிலட்சுமியின் கூடை முன்னால் போய் நின்றாள். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த ஜோதிலட்சுமி நிமிர்ந்தாள். கத்தி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கையிலேயே நின்றது. கடைசியில் ஜோதிலட்சுமியே பார்வையைக் கீழே இறக்கி, "கைல இன்னா பானு, பச்சையா?" என்றாள்.

அம்மா விரலைத் திருப்பிப் பார்த்தாள். நுனியில் புல்தூள் ஒட்டியிருந்தது.

"மலை" என்றாள்.

ஜோதிலட்சுமிக்கு என்ன புரிந்ததோ, மேலே கேட்கவில்லை. ஈரச்சாக்கைத் தூக்கி அடியிலிருந்து ஒரு வஞ்சிரத்தை எடுத்துப் பலகையில் வைத்தாள். "தெனிக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிகினுதான் இருந்தேன். சாயங்காலமானா எவளாவது வந்து தூக்கினு பூடுவா" என்று சொல்லிக்கொண்டே செதில் சீவ ஆரம்பித்தாள். அவள் குரல் எப்போதும்போல் தெருவுக்கே கேட்கும் குரலாக இல்லை. அம்மா, "தல தனியா வெட்டு. கொழம்புக்கு" என்றாள்.

அப்போது தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டு, அணைந்தது.

வினோத் ஐஸ் பெட்டியை வண்டியிலிருந்து இறக்காமல் நின்றான். அம்மா கடந்து போவதற்குக் காத்திருந்தான், வழக்கம்போல. அம்மா போகவில்லை. அவன் பக்கம் திரும்பி நின்றாள். முகத்திரையை இன்னும் இறக்கவில்லை.

"வாடா டேய், ஐஸு கரையுது" என்று ஜோதிலட்சுமி கூப்பிட்டாள். "பானு உன்னத்தான் பாக்குது. வா."

ஷபீனா மீன் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவன் மெஹர் பானுவைப் பார்த்தான், பிறகு ஷபீனாவைப் பார்த்தான். அவளால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை, தலையசைக்கவும் முடியவில்லை. முனையிலிருந்து கூடைவரை தெரு நேராகக் கிடந்தது. புதிதாகப் போட்ட சிமென்ட் தெரு. ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. அவன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓர் அடி வைத்தான். நின்றான். உடம்பை முன்னால் சாய்த்து, காலை ஊன்றி, இன்னோர் அடி வைத்தான். பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டி, அவன் ஏறிவரும் வழியைச் சிமென்டில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே வந்தது.