மேற்குப் பார்த்த அறைக்கு ஒரு ஏசி

ஜூலையில் ஒரு நாள் அண்ணன் அறையின் ஏசி நின்றுபோனது. அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீடு ஹாங்காங்கில், தோ குவா வான் பேட்டையில், பழைய கட்டடம் ஒன்றின் கடைசி மாடி. அண்ணன் லோக் ஹின்னின் அறை மேற்குப் பார்த்தது. வேலை போனதும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவன், ஏழு வருஷமாக எங்கள் முன்னால் வரவில்லை. குளியலறைக்குப் போவதென்றாலும் எல்லோரும் படுத்த பிறகுதான். சாப்பாட்டை அம்மா கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் வைப்பாள். பிறகு காலித் தட்டு மட்டும் இருக்கும். கல்யாணமாகி வேறு பேட்டைக்குப் போய்விட்ட எனக்கு, அவன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்றே தெரியாது.

அந்த வாரம் தட்டு வைத்தபடியே இருந்தது. மினிபஸ் ஓட்டிவிட்டு வந்த அப்பா கதவில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். மரம் சுட்டது. உடனே எனக்குப் போன் செய்தார்.

நான் போனபோது இருவரும் சண்டையில் இருந்தார்கள்.

"தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்திருக்கா உங்கம்மா. அவளையே கேளு, ஆ-மின்," என்றார் அப்பா என்னைப் பார்த்து.

"இன்னும் ரெண்டு நாள் பொறுங்கன்னுதானே சொல்றேன். சூடு தாங்காம அவனே வந்துருவான்."

"வருவான், வருவான். நாலு பேர் தூக்கிட்டு வருவாங்க."

அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

புது ஏசி வாங்க, ஜன்னலில் அது உட்காரும் ஓட்டையின் அளவு வேண்டும். அண்ணனுக்குப் போனில் செய்தி அனுப்பினேன். நீளம், அகலம் என்று இரண்டு எண்கள் வந்தன. அம்மா என் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"வேற ஒண்ணும் எழுதலையா?"

"இல்லம்மா."

மூவரும் ஏசி வாங்கப் போன கடையில் இருந்த பெண் சுறுசுறுப்பானவள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டாள்.

"நிக்கவே நிக்காது," என்றார் அப்பா.

"அப்ப இன்வெர்ட்டர் ஏசிதான் அங்கிள். கரண்டு கம்மியா இழுக்குற முதல் கிரேடு லேபிள் பாத்து எடுங்க. சாதா ஏசி நின்னு நின்னு முழு வேகத்துல கிளம்பும். அதுலதான் கரண்டு போகும். இது மெதுவா ஓடிக்கிட்டே இருக்கும்."

"பெருசா எடுத்தா சீக்கிரம் குளிராதா?"

"சின்ன ரூமுக்குப் பெருசு போட்டா சில்லுன்னு ஆயிடும், ஆனா ஈரம் போகாது. பிசுபிசுன்னே கிடக்கும். முக்கால் எச்.பி.யே போதும்தான். மேற்கு வெயில், மேல்மாடின்னு சொல்றீங்க, ஒரு எச்.பி.யாவே எடுத்துக்கங்க. யாரோட ரூம்?"

"பையனோடது."

"வீட்லேர்ந்தே வேலையா? கொடுத்து வச்சவர்."

அப்பா குனிந்து லேபிள்களைப் படிக்க ஆரம்பித்தார். அம்மா கேட்டாள்: "இதை ரூமுக்கு வெளியேர்ந்து நிறுத்த முடியுமா?"

"இந்த மாடல்ல முடியும் ஆன்ட்டி. போன்லயே போடலாம், நிறுத்தலாம். ரூம் எவ்வளவு சூடா இருக்குன்னுகூடக் காட்டும்."

"இதுவே இருக்கட்டும்," என்றாள் அம்மா.

அப்பா பார்த்து வைத்திருந்ததும் அதேதான். அவர்கள் இருவரும் ஒரே பொருளைக் கைகாட்டி நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மாட்டுவதற்கு ஆட்கள் வரும்முன் அண்ணன் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டான். எங்களை அடுப்பங்கரையில் இருக்கச் சொல்லிச் செய்தி வந்தது. அம்மா கேட்கவில்லை. வேலை நடக்கும்போது அவன் அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். பழைய ஏசி இருந்த இடத்துக்குக் கீழே சுவர் உப்பிப்போயிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில்கள். அம்மா ஓடிப்போய்த் தலையணையை எடுத்து முகர்ந்துவிட்டு அதே இடத்தில் வைத்தாள். வந்தவர்களில் ஒருவர் அவள் போனில் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தார். நாங்கள் அடுப்பங்கரைக்குப் போன பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா வண்டியில் இருந்தார். அம்மா முட்டை அவித்து, உப்பு மீன் பொரித்து, மேஜையில் மூன்று கிண்ணம் வைத்தாள்.

"அப்பா வர நேரமாகுமே?"

"அவருக்கில்ல."

அவள் மடியில் போன் இருந்தது. எட்டிப் பார்த்தேன். திரையில் முப்பத்துமூன்று என்றிருந்தது.

"அம்மா, நிறுத்திட்டியா?"

"உஷ். ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டு விட்டுட்டான்."

"போடும்மா, பாவம்."

"ஏழு வருஷமா நான் பாவமில்லையா? இரு."

முப்பத்துநான்கு. மீன் ஆறியது. முப்பத்தைந்தானபோது உள்ளே நாற்காலி நகர்ந்தது. அம்மா எழுந்து, தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள். கதவு திறக்கவில்லை. அண்ணன் இருமுவது மட்டும் கேட்டது. அவள் நின்றபடியே நின்றாள். பிறகு அவள் விரலே போய் ஏசியைப் போட்டது. போட்டுவிட்டு, சத்தம் வராமல் அழுதாள்.

உடனே ஏசி அணைந்ததாகத் திரை காட்டியது. ஏதோ கோளாறு என்று அம்மா மறுபடி போட்டாள். மறுபடி அணைந்தது. உள்ளேயிருந்து அண்ணன்தான் ரிமோட்டில் அணைக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

"ஆ-ஹின், அம்மா தெரியாம அமுக்கிட்டேன்டா. போட்டுக்கோடா."

அவள் போட, அவன் அணைக்க, சாயங்காலம்வரை அது நடந்தது. கடைசியில் திரையில் ஏசியே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் அதைப் போடவே இல்லை. நான் அனுப்பிய செய்திகளைப் படித்தான், பதில் எழுதவில்லை. தட்டுகள் பாதிச் சோறோடு திரும்பின. கரண்டு பில் வந்த அன்று அப்பா அதை அம்மா முன்னால் போட்டார்.

"இந்த ஊர்லயே கரண்டு கம்மியாத் தின்னுற ஏசி நம்மளதுதான்."

அம்மா பதிலுக்குப் பதில் பேசுகிறவள். அன்று பில்லை மடித்து டிராயருக்குள் வைத்தாள். முன்பெல்லாம் தட்டு வைக்கும்போது, "ஒரு தடவை வெளிய வாடா" என்பாள். இப்போது, "ஏசியைப் போடுடா" என்பதோடு சரி.

செப்டம்பரிலும் வெயில் குறையவில்லை. ஒரு நாள் அப்பா தங்கள் அறையிலிருந்த மேஜை விசிறியைத் தூக்கிவந்து நடையில் தரையில் வைத்தார். அண்ணன் அறைக் கதவுக்கு அடியிலிருக்கும் இடுக்கைப் பார்த்துத் திருப்பி, முழு வேகத்தில் ஓடவிட்டார். "கொஞ்சமாவது உள்ள போகும்," என்றார்.

மறுநாள் காலை நான் போனபோது, அந்த இடுக்கில் உள்ளிருந்து ஒரு துண்டு திணிக்கப்பட்டிருந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் அதை நிறுத்தாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.