கண்ணுச்சாமிக்கு வந்த கத்தி

தம்பி கண்ணுச்சாமியின் தலைமாட்டில் உட்கார்ந்து சின்னத்தாய் ஒப்பாரியை உச்சத்துக்குக் கொண்டுபோன நேரத்தில்தான் அவருடைய போன் அடித்தது. அது மகன் அழகுபாண்டியின் சட்டைப்பையில் கிடந்தது. எடுத்தால் தானாகவே ஸ்பீக்கரில் பேசும்படி கண்ணுச்சாமி மாற்றி வைத்திருந்ததால் வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"கண்ணுச்சாமி சாருங்களா? கொரியர் சார். ஒரு பார்சல் இருக்கு. வீட்டுல இருக்கீங்களா?"

அழகுபாண்டி அப்பா கிடந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தான்.

"வீட்லதான் இருக்காரு" என்றான். பிறகு, "இல்லண்ணே... நீங்க வாங்க. நாங்க எல்லாரும் இருக்கோம்" என்று சொல்லி வைத்தான்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்து, இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து. அதிலும் பாதியைச் சாமியானா பிடித்துக்கொண்டது. கொரியர்காரர் முனையிலேயே வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே வந்தார். எல்லாம் புரிந்துபோய் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் சட்டம் சட்டம்தானே.

"மன்னிச்சுக்கங்க தம்பி. அந்தப் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அது இல்லாம குடுக்க முடியாது."

செத்துப்போனவரின் போனுக்கு வந்த நம்பரை மகன் வாசித்துச் சொன்னான். சின்னப் பெட்டி ஒன்று கைமாறியது. கொரியர்காரர் போகும்போது, முகம் தெரியாத அந்த மனிதரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த முத்துத்தாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. காப்பி போட்டு வைத்துவிட்டுப் புருஷனை எழுப்பப் போனவள், தொட்டுப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். "கல்லு கணக்கா இருக்காளே, வாய்விட்டு அழுதாத் தேவலையே" என்று பெண்கள் குசுகுசுத்தது அவள் காதிலும் விழத்தான் செய்தது. அழ வராததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். வெளியே சொல்ல முடியாத காரணம்.

கண்ணுச்சாமி தேனி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் டிக்கெட்டும் சில்லறையும் பேச்சுமாக உசிலம்பட்டி வளைவுகளில் ஆடாமல் நிற்பார். போன ஆடியில் வாதம் வந்து வலது பக்கத்தை இழுத்துவிட்டது. கால் கொஞ்சம் தேறியது. கை தேறவில்லை. முத்துத்தாய் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். அவள் காலையில் போனால் மத்தியானத்துக்கு மேல்தான் வருவாள். அதுவரை அவரும் டிவியும் போனும்தான்.

மனுசன் கேட்டு வாங்கிச் சாப்பிடும் ஆளில்லை. பிஸ்கட் பாக்கெட், மாத்திரை அட்டை, ஷாம்பு பாக்கெட் என்று எதுவானாலும் இடது கையில் பிடித்துப் பல்லால் கடித்துத்தான் பிரிப்பார். முதலில் வீட்டில் சிரிப்பாகத்தான் இருந்தது. "நம்ம வீட்டுக்குள்ள பெருச்சாளி புகுந்துருச்சுடா பாண்டி" என்று முத்துத்தாய் மகனிடம் சொல்லுவாள். கண்ணுச்சாமியும் கோணிய வாயால் சிரிப்பார்.

போன வாரம் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் உதவியாள் வராமல், அத்தனை பாத்திரத்தையும் ஒற்றை ஆளாகக் கழுவிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே நுழைந்தால் தரையெல்லாம் பால். பாக்கெட்டைப் பல்லால் கடித்திருக்கிறார், அது வெடித்து வேட்டி, கட்டில், தலையணை எல்லாம் நனைந்து எறும்பு ஏறிக் கிடந்தது. அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பாக்கெட்டப் பிரிக்கத் துப்பில்ல. எதுக்கு இந்த வேல உங்களுக்கு? எல்லாத்துக்கும் நாந்தேன் வரணும், நாந்தேன் அள்ளணும். இப்பிடி உசுர வாங்கிட்டு இருக்குறதுக்கு..."

அதோடு நிறுத்திவிட்டாள். ஆனால் மீதி அவருக்குக் கேட்டுவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? பாலைத்தான் அவளால் துடைக்க முடிந்தது.

அதற்கப்புறம் கண்ணுச்சாமி அவளை எதற்கும் கூப்பிடவில்லை. எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போனால் தலையணைக்குக் கீழே செருகிக்கொண்டார். "என்னத்தப் பாக்குறீக?" என்றதற்கு, "சும்மாத்தேன்" என்றார். அதுதான் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. அந்த ஆள் உசுரை வெறுத்துப் போய்விட்டார், அதனால்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், நாம்தான் அனுப்பி வைத்தோம் என்று விடிந்ததிலிருந்து ஒரே நினைப்பு. அனுப்பி வைத்தவள் எந்த வாயால் அழுவாள்?

அழகுபாண்டி பெட்டியோடு அடுப்படிக்குள் போனான். முத்துத்தாயும் எழுந்து போனாள். ஒப்பாரியைப் பாதியில் விட்டுவிட்டுச் சின்னத்தாயும் பின்னாலேயே வந்துவிட்டாள். தம்பி சாவுக்கு முன்னால் என்ன வாங்கினான் என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு அழுகை ஓடாது.

அட்டைக்குள் இன்னொரு அட்டை, அதற்குள் ஒரு துணிப்பை. அதிலிருந்து கறுப்பாக ஒன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது.

மடக்குக் கத்தி. வெங்காயம், காய்கறி நறுக்க வீடுகளில் வைத்திருக்கிற ஜாதி இல்லை. கைப்பிடி, அலகு, ஆணி எல்லாமே பளபளப்பில்லாத கறுப்பு. பிடி வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாக வரி வெட்டியிருந்தது. ஒரு பக்கத்தில் இடுப்பில் மாட்டிக்கொள்ள எஃகுக் கிளிப், அடியில் கண்ணாடியை உடைக்கிற மாதிரி ஒரு கூர்முனை. அளவுக்கு மீறிய கனம். புது மெஷின் எண்ணெய் வாசம் அடித்தது. அட்டையில் பட்டாளத்துக்காரன் படம் போட்டிருந்தது.

அழகுபாண்டி ஒரு கையால் பிடியைப் பற்றி, மறுகையின் நகத்தால் அலகை நெம்பினான். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுத் திறந்துகொண்டது. முனை ஊசியாக இருந்தது. பதம் பார்க்க அட்டையின் ஓரத்தில் வைத்தான். அழுத்தவே இல்லை, அட்டை இரண்டாகிவிட்டது.

"என்னடா இது, ஆளக் கொல்ற கத்தி மாதிரி இருக்கு" என்றாள் சின்னத்தாய். "கை வெளங்காத ஆளுக்கு இது எதுக்குடா?"

"தெரியல அத்த."

"எனக்குத் தெரியுது." அவள் முத்துத்தாயைத் திரும்பிப் பார்த்தாள். "எந்தம்பிய என்ன சொன்ன முத்து? என்னமோ சொல்லியிருக்க நீ."

முத்துத்தாய் கத்தியைப் பார்த்தபடி நின்றாள்.

"அத்த, பேசாம இரு. வெளிய ஆளுக இருக்காக."

"கேட்டா என்னடா தப்பு? பார்சல் ஒரு நா முன்னாடி வந்திருந்தா என்ன நடந்திருக்கும்? சாமிதேன் அவன நோகாமக் கூட்டிட்டுப் போயிருக்கு."

முத்துத்தாய்க்கு அது சாபமாகப் படவில்லை. தான் நினைத்ததையே இன்னொருத்தி வாய்விட்டுச் சொன்னதாகத்தான் பட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்த்த அழகுபாண்டி, கத்தியை மடக்கித் தன் இடுப்பு வேட்டியிலேயே மாட்டிக்கொண்டான். வீட்டில் வைக்க அவனுக்குப் பயம். அம்மாவுக்காகத்தான் அந்தப் பயம் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை.

வெயில் சாயும்போது, குளிப்பாட்டும் தண்ணீருக்கு நீர்மாலை எடுத்து வந்தார்கள். வாசலில் பெஞ்சைப் போட்டுக் கண்ணுச்சாமியைக் கிடத்தி, சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைத்தார்கள். முத்துத்தாய் வைக்கும்போது அவள் விரல் அவருடைய வலது கையில் பட்டது. இத்தனை மாதமாகச் சூம்பிக் கிடந்த கையும் நல்ல கையும் இப்போது ஒரே மாதிரிச் சில்லிட்டிருந்தன.

குளிப்பாட்டி முடித்ததும் சடங்கு செய்ய வந்தவர், "அர்ணாக்கயிற அறுக்கணும்ப்பா. மகன் ஒருச்சாச்சுப் பிடி" என்றார்.

அழகுபாண்டி வலது கையை அப்பாவின் முதுகுக்கு அடியில் கொடுத்துத் தன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தான். சடங்குக்காரர் பிளேடைப் போட்டு இழுத்தார். கயிறு நைலான். நாலு புரியாகத் திரித்துக் கட்டியது. எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்ததில் பிளேடு வழுக்கியது, அப்புறம் நடுவில் ஒடிந்தது.

"கத்தி இருந்தாக் குடுங்கய்யா யாராச்சும்."

அழகுபாண்டி ஒரு கணம் தயங்கிவிட்டு இடது கையால் இடுப்பிலிருந்ததை உருவினான். உருவிய பிறகுதான் திறக்க இன்னொரு கை வேண்டுமே என்பது உறைத்தது. அந்தக் கையிலோ அப்பா இருக்கிறார். விட்டால் சரிந்துவிடுவார். யோசிக்காமல் கத்தியை வாய்க்குக் கொண்டுபோய் அலகைப் பல்லால் கவ்வி இழுக்கப் பார்த்தான்.

முத்துத்தாய் அதைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து, உதட்டைப் பிதுக்கி, ஒரு பக்கமாகப் பல்லைக் கொடுக்கிற அதே சாடை.

இழுக்கும்போது அவன் கட்டைவிரல் எங்கேயோ பட்டது. அலகின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு குமிழ் இருந்திருக்கிறது. காலையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கத்தியை வாயிலிருந்து எடுத்து விரலால் அந்தக் குமிழைத் தள்ளினான். 'டக்'கென்று அலகு முழுசாக வெளியே வந்து நின்றது.

"அட, ஒத்தக் கையிலயே தொறக்குதே" என்றார் சடங்குக்காரர்.

ஒரே இழுப்பில் கயிறு அறுந்தது.

முத்துத்தாய் மகனின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கை. இடது கை. கட்டைவிரல். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி" என்றாள் சின்னத்தாயிடம். "மதினி, சாக வாங்கலை மதினி. ஒத்தக் கையால பாக்கெட்டு பிரிக்க வாங்கியிருக்காரு. எனக்கு வேல வைக்கக் கூடாதுன்னு வாங்கியிருக்காரு. இன்னும் கொஞ்ச நா இருக்கலாம்னுதேன் இருந்திருக்காரு மதினி!"

ஒரு மூச்சு இழுக்கும் நேரம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த மூச்சு வெளியே வரும்போது நிம்மதி போய்விட்டது. உசுரை வெறுத்துப் போனவர் என்றால் விரும்பித்தான் போனார் என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம். இந்த மனுசன் போகவே நினைக்கவில்லை. நாளைக்கும் நாளை மறுநாளும் பால் வரும், பிரிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, ராத்திரி படுத்திருக்கிறார். முத்துத்தாய் அவர் நெஞ்சில் விழுந்து, ஈரத்தையும் எண்ணெயையும் பாராமல் அழுதாள். பெண்கள் பிடித்து இழுத்தும் வரவில்லை. சின்னத்தாயும் தம்பி பெண்டாட்டியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அழுதாள், இந்த முறை ராகமில்லாமல்.

புறப்படும் நேரத்தில் சடங்குக்காரர் அழகுபாண்டியிடம், "அறுத்த கத்திய வீட்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாது தம்பி. தத்தனேரிச் சுடுகாட்டுலயே வீசிட்டு வந்துரு" என்றார்.

"இங்கிட்டுக் குடு" என்று முத்துத்தாய் கையை நீட்டினாள்.

"ம்மா..."

"எனக்கு ஒண்ணும் ஆகாதுடா. குடு."

அவன் அவள் கண்ணைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கொடுத்தான்.

கண்ணுச்சாமியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்து முனை வரை போன பெண்கள் திரும்பி வந்தார்கள். வீட்டைக் கழுவி விட்டார்கள். முத்துத்தாய் குழாயடியில் தலையோடு குளித்தாள். கத்தியையும் தண்ணீரில் காட்டிக் கழுவி முந்தானையில் துடைத்தாள். உள்ளே போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

வலது கையைச் சேலைக்குள் செருகிக்கொண்டு, இடது கையால் கத்தியைப் பிடித்துக் கட்டைவிரலை அந்தக் குமிழில் வைத்தாள். முதல் தடவை விரல் வழுக்கியது. அப்புறமும் வழுக்கியது. பிறகு 'டக்'கென்று திறந்தது. திறப்பதுகூடப் பரவாயில்லை, மூடுவதுதான் பிடிபடவில்லை. பிடிக்குள் ஒரு தகடு குறுக்கே நின்று தடுத்தது. அதை விரலால் ஒதுக்கிக்கொண்டு அலகின் மழுங்கிய முதுகைத் தொடையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். இதற்கு அவர் எத்தனை நாள் பழக வேண்டியிருந்திருக்கும்.

எதிர்வீட்டு ஆர்த்திகா காப்பி கொண்டு வந்தாள். கத்தியைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்டுவிட்டு, டம்ளரை அவளுடைய வலது பக்கமாக நீட்டினாள்.

"காலைல இருந்து ஒண்ணும் குடிக்கலத்தே. பிடிங்க."

சேலைக்குள்ளிருந்து கை வரவில்லை.

"கீழ வையி தாயி."

"ஆறிப்போகும்த்தே."

"ஆறட்டும்" என்றாள் முத்துத்தாய், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தக் கை சோலி முடியட்டும்."